பித்தளையும் பியானோ கம்பியும்: ஸ்லாட் கார் சேஸியை நாமே கட்டுவது

கேள்வி இதுதான். ஆலையில் அச்சடித்து வரும் எஃகு சேஸியில் (அடிச்சட்டத்தில்) 1/24 அளவு ஸ்லாட் கார், அதாவது டிராக்கில் உள்ள ஸ்லாட் என்ற பள்ளத்தைப் பிடித்து ஓடும் சிறு மின்சார மாதிரிக் கார், ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவர், பித்தளைத் தகடும் பியானோ கம்பியும் வைத்துத் தானே ஒரு சேஸி கட்ட நினைக்கிறார். எந்தத் தடிமனில் கம்பி வாங்குவது, ஜிக் (துண்டுகளை இடம் மாறாமல் பிடித்துவைக்கும் பலகை) இல்லாமல் முடியுமா, எந்த சால்டர் (உருக்கிப் பற்றவைக்கும் உலோகக் கலவை), வண்டி வளைவுகளில் ஸ்லாட்டை விட்டுக் குதிக்கிறதே, அதற்கு சேஸிதான் காரணமா என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதற்குப் பதில் தெரிந்தால்தான் மற்றவற்றில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது விளங்கும். ஸ்லாட் காருக்குச் சக்கரம் நான்கு இருந்தாலும் அது நிற்பது மூன்று புள்ளிகளில்தான்: முன்னால் கைடு (ஸ்லாட்டுக்குள் இறங்கி வண்டியை வழிநடத்தும் துண்டு), பின்னால் இரண்டு டயர்கள். முன்சக்கரங்கள் பெரும்பாலும் பெயருக்குத்தான் தரையைத் தொடும். வளைவில் வண்டியை வெளியே தள்ளும் விசை, கைடையும் வெளிப்பக்கப் பின்டயரையும் இணைக்கும் ஒரு சாய்வான கோட்டின் மேல் அதைக் கவிழ்க்கப் பார்க்கும். அந்தக் கோடு பின்னால் விலகியும், முன்னால் போகப்போக வண்டியின் நடுக்கோட்டை நெருங்கியும் இருக்கும். 83 மி.மீ. அகலமுள்ள வண்டியில் பின் ஆக்ஸில் அருகே நடுக்கோட்டிலிருந்து அதற்கு 41 மி.மீ. தூரம், கைடுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் 20 மி.மீ. சொச்சம்தான். அதனால் பின்பக்கம் தாழ்வாக வைத்த எடை கவிழ்வதைத் தடுக்கும். முன்னால் வைத்த எடை கைடை ஸ்லாட்டுக்குள் அழுத்திப் பிடிக்கும். இரண்டும் வேண்டியவைதான், ஆனால் ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று செய்யாது.

‘குதிக்கிறது’ என்று நீங்கள் சொல்வதிலும் வகை உண்டு. ஆக்ஸிலரேட்டர் கொடுத்தவுடன் மூக்கு தூக்கி வெளியே வந்தால், முதலில் பிரெய்டை, அதாவது டிராக்கிலிருந்து மின்சாரம் எடுக்க கைடில் மாட்டியிருக்கும் பின்னல் கம்பியைப் பாருங்கள். பிரெய்டு நுனி அளவுக்கு மீறிக் கீழே வளைந்திருந்தால் அதுவே ஸ்பிரிங் மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டிருக்கும். மோட்டாருக்குப் போகும் ஒயர் விறைப்பாக இருந்தால் கைடு திரும்ப மறுக்கும். இந்த இரண்டுக்காகவும் சேஸியைக் குறை சொல்லக் கூடாது. வண்டி அப்படியே உருண்டு விழுந்தால், டயர் பிடிப்பு அதிகம் அல்லது எடை உயரத்தில் இருக்கிறது என்று பொருள். வளைவின் நடுவில் பின்பக்கம் தடதடவென்று துள்ளி, பிறகு வெளியே பறந்தால் மட்டும் சந்தேகம் நேராக சேஸி மேல் விழ வேண்டும். டயர் பிடிக்கிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது; அந்த அதிர்வை வாங்கிக்கொள்ள சேஸியில் இடமில்லை. அச்சடித்த சேஸியை வைத்துக்கொண்டு இதைச் சரிசெய்வது கஷ்டம். கையால் கட்டுவதில் உள்ள லாபமே இங்கேதான்.

நான் சொல்ல வருவதில் முக்கியமானது இது: சேஸியை ஒரு ஸ்பிரிங்காக நினைத்துக் கட்டுங்கள். எங்கே வளைய வேண்டும், எங்கே வளையவே கூடாது என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அப்புறம் கம்பியை எடுங்கள். பின் ஆக்ஸில், அதன் பேரிங்குகள், மோட்டார் பிராக்கெட் ஆகிய மூன்றும் ஒரே கட்டியாக, கொஞ்சமும் அசையாமல் இருக்க வேண்டும். அங்கிருந்து கைடு வரை உள்ள தூரம் அளவோடு முறுக்கிக்கொடுக்க வேண்டும். இரண்டு பக்கத் தகடுகள் தனியாக ஆட வேண்டும். இந்தப் பங்கீடு தெளிவாக இருந்தால், வடிவம் அழகாக வராவிட்டாலும் வண்டி ஓடும்.

பொருள் தேர்வும் இதையொட்டித்தான். பியானோ கம்பி என்பது அதிகக் கார்பன் உள்ள, இழுத்து முறுக்கேற்றிய ஸ்பிரிங் எஃகு. வளைத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். பித்தளையின் விறைப்பு எஃகின் விறைப்பில் கிட்டத்தட்டப் பாதிதான், எடையோ கொஞ்சம் கூடுதல். எஃகின் அடர்த்தி 7.85 என்றால் பித்தளைக்கு 8.5 சுற்றிலும். எனவே ஸ்பிரிங் வேலைக்குக் கம்பி, எடைக்கும் தகட்டு வேலைக்கும் பித்தளை. பித்தளையில் சால்டர் தயக்கமில்லாமல் பிடிக்கும் என்பது கூடுதல் வசதி. 1960-களில் அமெரிக்கப் பந்தயக்காரர்கள் முதலில் பித்தளைக் குழாய்களையும் தண்டுகளையும் வைத்துத்தான் கட்டினார்கள். கம்பி அப்புறம் வந்து, பின்பகுதியையும் முன்பகுதியையும் நீளவாக்கில் இணைக்கும் ரெயில்களில் பித்தளையின் இடத்தைப் பிடித்தது. இன்றும் ரெட்ரோ வகைப் பந்தயங்களில் இந்தக் கம்பி, பித்தளைக் கூட்டணிதான் ஆட்சி செய்கிறது.

தடிமன் விஷயத்தில் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும். உருண்டைக் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 1.6 மி.மீ. கம்பியை எடுத்துவிட்டு 1.2 மி.மீ. போட்டால் விட்டம் குறைவது கால் பங்குதான். விறைப்போ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஒரு 1.6 கம்பிக்கு ஈடாக மூன்று 1.2 கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். எடை அப்போது ஏறக்குறைய 1.7 மடங்காகும். ஆனால் மெல்லிய கம்பிகள் நிரந்தரமாக வளையாமல் அதிக தூரம் வளைந்து மீளும், அதனால் மோதலுக்குப் பிறகும் நேராக இருக்கும் வாய்ப்பு கூடுதல். நீளமும் சும்மா இல்லை. மேல்கீழாக வளைவதில் நீளத்தின் மூன்றாம் அடுக்கு வருகிறது. ரெயிலை நாக்கில் (கைடைத் தாங்கும் முன்தகட்டில்) எந்த இடத்தில் சால்டர் செய்கிறீர்கள் என்பதை 10 மி.மீ. தள்ளினாலே, 60 மி.மீ. சுதந்திர நீளம் 50 ஆகும். விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்காகும். பலர் கம்பியை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், பற்றவைத்த இடத்தை மட்டும் மாற்றிப் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. பக்கம் பக்கமாகப் படுத்திருக்கும் இரண்டு கம்பிகளை நீளவாக்கில் ஒன்றாக சால்டர் செய்தால், மேல்கீழ் வளைவுக்கான எதிர்ப்பு பெரிதாக மாறாது. முறுக்குக்கான எதிர்ப்பு நன்றாகக் கூடும். அதனால் ரெயில்களை இரண்டு முனைகளில் மட்டும் பிடித்துவைத்து, நடுவில் விட்டுவிடுங்கள். பிறகு டிராக்கில் ஓட்டிப் பார்த்து, நடுவில் ஒரு சொட்டு சால்டர் வைப்பதும் எடுப்பதும் உங்கள் கையில்.

முதல் சேஸிக்கு நான் சொல்லும் அளவு: வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையே உள்ள தூரம்) 100 மி.மீ. சுமார், முன் ஆக்ஸிலிலிருந்து கைடு மையம் 24 அல்லது 25 மி.மீ. முன்னால். பக்கத்துக்கு இரண்டு ரெயில், இரண்டும் 1.4 மி.மீ. நாக்குக்கு 1.6 மி.மீ. தகடு, பக்கத் தகடுகளுக்கு 0.8 மி.மீ. போதும், எடை குறைந்தால் மேலே இன்னொரு துண்டு ஒட்டிக்கொள்ளலாம். கைடிலிருந்து பின் ஆக்ஸில் வரை தூரம் அதிகமானால் பின்பக்கம் வெளியே வீசுவது நிதானமாக நடக்கும், ஓட்டுபவருக்குச் சுதாரிக்க நேரம் கிடைக்கும். குறுகலான வளைவுகள் நிறைந்த டிராக்கில் அதே நீளம் மந்தமாகத் தோன்றும். உங்கள் சங்கத்தின் விதிகளில் அகலம், தரை இடைவெளி, எடை என்று என்னென்ன வரம்பு இருக்கிறது என்பதைக் கம்பி வெட்டும் முன்பே படித்துவிடுங்கள். கட்டி முடித்த சேஸியின் அகலத்தில் 1 மி.மீ. குறைப்பது நரக வேலை.

மோட்டாரை எப்படி வைப்பது? மோட்டார் தண்டு வண்டியின் நீளவாக்கில் இருந்தால் இன்லைன், ஆக்ஸிலுக்கு இணையாக இருந்தால் சைட்வைண்டர், இரண்டுக்கும் நடுவே சாய்ந்திருந்தால் ஆங்கிள்வைண்டர். இன்லைனில் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் பகுதி) திடீரென வேகமெடுக்கும்போது அதன் எதிர்விளைவு வண்டியைப் பக்கவாட்டில் உருட்டப் பார்க்கும். சைட்வைண்டரில் அந்தத் தொல்லை இல்லை, எடையும் பின் ஆக்ஸில் அருகிலேயே வந்துவிடும். ஆனால் நீளமான மோட்டார் இரண்டு டயர்களுக்கு நடுவே நுழையாது. சாய்த்தால் நுழையும். 1960-களின் கடைசியில் ஆங்கிள்வைண்டர் வந்ததும் பந்தயங்களில் இன்லைன் பின்னுக்குப் போனதற்கு இதுதான் காரணம். இருந்தாலும் முதல் சேஸியை இன்லைனாகவே கட்டச் சொல்வேன். பிராக்கெட் செங்கோணத்தில் இருந்தால் போதும், சாய்வுக் கோணத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். சேஸி கட்டுவதைக் கற்றுக்கொள்ளும்போதே கியர் கோணத்தையும் சேர்த்துக் கற்க முயன்றால் எது தப்பு என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஜிக் கட்டாயமா என்றால், ஆம். விலை உயர்ந்த ஜிக் கட்டாயமா என்றால், இல்லை. சூடு தாங்குகிற, வெப்பத்தை உறிஞ்சாத, சமதளமான ஒரு பலகை வேண்டும். பேக்கலைட் பலகை அருமையாக இருக்கும். மரக்கட்டை ஃபிளக்ஸையும் (சால்டர் ஒட்டுவதற்காகத் தடவும் பூச்சு) சூட்டையும் வாங்கிக்கொண்டு நாளாவட்டத்தில் கோணிக்கொள்ளும். இரும்புத் தகட்டின் மேல் வைத்து சால்டர் செய்தால் சால்டரிங் அயர்னின் சூடு முழுவதும் தகட்டுக்குள் போய்விடும். பலகையில் நடுக்கோடு ஒன்று கூர்மையாகக் கீறுங்கள். அதற்குச் செங்குத்தாகப் பின் ஆக்ஸில் கோடு, முன் ஆக்ஸில் கோடு. நடுக்கோட்டின் மேல் கைடு மையம். கைடு மையத்தில் கைடு குழாய் உட்காரும் அளவுக்கு ஒரு முளை. ஆக்ஸில்கள் உட்கார இரண்டிரண்டு தாங்கிகள். உதிரிகளைப் பிடித்துக்கொள்ள ஆணி, அலுமினிய முளை எதுவானாலும் சரி. அலுமினியத்தில் சாதாரண சால்டர் ஒட்டாது என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

தாங்கிகளின் உயரம்தான் தரை இடைவெளியை முடிவு செய்கிறது. பின்டயரின் விட்டம் 20.5 மி.மீ. என்று வையுங்கள். ஆக்ஸில் மையம் தரையிலிருந்து 10.25 மி.மீ. உயரத்தில் இருக்கும். சேஸியின் அடிப்பாகம் தரையிலிருந்து 1.5 மி.மீ. மேலே வேண்டுமென்றால், ஜிக்கின் மேல் ஆக்ஸில் மையம் 8.75 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். டயர் தேயத் தேய இடைவெளி குறையும், விட்டத்தில் 1 மி.மீ. போனால் இடைவெளியில் அரை மி.மீ. போகும். விதியில் சொன்ன குறைந்தபட்ச அளவுக்கே கட்டிவைத்தால் பந்தயத்தின் நடுவில் அடித்தட்டு டிராக்கில் பதித்த மின்சாரப் பிரெய்டை உரசிவிடும், அங்கே ஷார்ட் ஆனால் பொறி பறக்கும்.

கம்பி வெட்ட மெல்லிய அரைப்புத் தட்டு பயன்படுத்துங்கள். பியானோ கம்பியைச் சாதாரண கட்டிங் பிளேயரில் வெட்டினால் பிளேயரின் வாயில் பள்ளம் விழும், கம்பித் துண்டும் எந்தத் திசையில் பறக்கும் என்று சொல்ல முடியாது. கண்ணாடி அணியாமல் இந்த வேலையே வேண்டாம். அளவைக் குறிக்க மார்க்கர் போதும். அரத்தால் கீறிக் குறித்தால், பிறகு கம்பி உடையும்போது சரியாக அந்தக் கீறலில்தான் உடையும். வளைக்கும்போது கம்பி கொஞ்சம் திரும்பிவரும் என்பதால் வேண்டிய கோணத்தைத் தாண்டி வளைக்க வேண்டும், எவ்வளவு தாண்டுவது என்பது இரண்டு மூன்று துண்டுகளில் கைக்குப் பழகிவிடும். பல் இல்லாத வழவழப்பான குறடு நல்லது. ஒரே இடத்தில் வளைத்து, நிமிர்த்தி, மறுபடி வளைத்த கம்பியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சிவக்கச் சூடேற்றி வளைக்கவே வேண்டாம். ஸ்பிரிங் குணம் அங்கேயே செத்துவிடும். சாதாரண சால்டரின் சூடு கம்பியை அந்த அளவுக்குக் கெடுப்பதில்லை.

சால்டரிங்குக்கு வருவோம், நேரத்தில் பாதி இதில்தான் போகும். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கான 25 வாட் அயர்ன் இதற்கு உதவாது. அது மெதுவாகச் சூடேற்றும்; இணைப்பு உருகுவதற்குள் சூடு பரவிப் பக்கத்து இணைப்புகளும் கழன்றுகொள்ளும். 80 முதல் 100 வாட், அகலமான உளி முனை. சட்டென்று சூடேற்றி, சால்டர் ஓடியதும் எடுத்துவிட வேண்டும். எஃகுக் கம்பியில் எண்ணெய்ப் படலம் இருக்கும். எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, அதன்பின் விரலால் தொடாதீர்கள். ரோசின் ஃபிளக்ஸ் எஃகில் வேலை செய்யாது, துத்தநாகக் குளோரைடு சேர்ந்த அமில ஃபிளக்ஸ்தான் வேண்டும். இணைக்கும் முன் கம்பி, தகடு இரண்டிலும் தனித்தனியாக ஈயம் பூசிக்கொண்டால், சேர்க்கும்போது ஒரு தொடுதலில் காரியம் முடியும். புகை மூக்கில் ஏறாதபடி ஜன்னல் திறந்திருக்கட்டும். காரீயம் கலந்த சால்டரைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

எந்த சால்டர் என்பதற்கு என் பதில்: இரண்டும். 63/37 வெள்ளீயம், காரீயக் கலவை 183 டிகிரியில் உருகும். வெள்ளி சிறிதளவு கலந்த வெள்ளீய சால்டர் சுமார் 221 டிகிரியில் உருகும், பலமும் கூடுதல். அசையவே கூடாத பின்பகுதியை முதலில் வெள்ளி கலந்ததால் பற்றவைத்துவிட்டு, ரெயில், தகடு, பாடி மவுண்ட் இவற்றைச் சாதாரண சால்டரில் செய்தால், பிறகு செய்யும் வேலை முதலில் செய்ததைக் கழற்றாது. இடைவெளி முப்பத்தெட்டு டிகிரிதான் என்பதால் அயர்னை வைத்துக்கொண்டே யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. பக்கத்து இணைப்பில் ஈரத்துணித் துண்டு ஒன்றைச் சுற்றிவைப்பது கூடுதல் பாதுகாப்பு. முனையோடு முனை வைத்துப் பற்றவைத்த இணைப்பு நிற்காது. கம்பி தகட்டின் மேல் குறைந்தது 8, 10 மி.மீ. படுத்திருக்க வேண்டும். அடி வாங்கும் இடங்களில் மெல்லிய செம்புக் கம்பியால் நாலைந்து சுற்று இறுக்கிச் சுற்றி, அதன் மேல் சால்டர் ஓடவிட்டால் பிரிவது அபூர்வம்.

இனி வருவதுதான் பலர் கோட்டைவிடும் இடம். ஜிக்கில் வைத்த துண்டு தன் இஷ்டத்துக்கே சரியான இடத்தில் படுத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று குச்சியால் அழுத்திப் பிடித்துப் பற்றவைத்தால், அந்த அழுத்தம் கம்பிக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். சால்டர் மிருதுவான உலோகம், சாதாரண அறைவெப்பத்திலேயே நிரந்தரச் சுமைக்கு மெல்ல மெல்ல நகர்ந்துகொடுக்கும். இன்று கண்ணாடிமேல் சமமாக உட்கார்ந்த சேஸி அடுத்த வாரம் கோணியிருப்பதற்கு இதுவே காரணம். துண்டு சரியாகப் படுக்கவில்லையென்றால் எடுத்து வளைவைச் சரிசெய்து மறுபடி வையுங்கள். சோம்பல்பட்டு அழுத்தாதீர்கள்.

சூடும் தன் பங்குக்கு விளையாடும். பித்தளை எஃகைவிட அதிகமாக விரியும். 100 மி.மீ. நீளத் துண்டு 150 டிகிரி சூடேறினால் பித்தளை ஏறக்குறைய 0.28 மி.மீ. நீளும், எஃகு 0.18 மி.மீ. தான். நீளமான பித்தளைத் தகட்டை எஃகுக் கம்பியோடு ஒரே மூச்சில் முழு நீளத்துக்கும் சால்டர் செய்தால், ஆறும்போது பித்தளை அதிகம் சுருங்கி இரண்டையும் வில்லாக வளைத்துவிடும். ஒரு முனையில் ஒரு சொட்டு, ஆறவிடுங்கள். மறுமுனையில் ஒரு சொட்டு, ஆறவிடுங்கள். இடப்பக்கம் ஒன்று செய்தால் அடுத்தது வலப்பக்கம். நடுவில் தேவையென்றால் மட்டும் நிரப்புங்கள்.

வேலையின் வரிசை பின்னாலிருந்து முன்னுக்கு. பிராக்கெட்டில் பேரிங்குகளைப் பொருத்தும்போது ஒரு நேரான புது ஆக்ஸிலை இரண்டிலும் கோத்து, ஜிக்கின் தாங்கியில் உட்காரவைத்து, அந்த நிலையில் பற்றவையுங்கள். 1/24-இல் இப்போது பெரும்பாலும் 3/32 அங்குலம், அதாவது 2.38 மி.மீ. ஆக்ஸில்தான். ஆறியதும் ஆக்ஸிலைச் சுண்டிவிட்டால் தயங்காமல் சுற்ற வேண்டும். ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் இறுகினால் ஆக்ஸில் வளைந்திருக்கிறது. முழுச் சுற்றிலும் இறுக்கம் என்றால் பேரிங்குகள் ஒரே கோட்டில் இல்லை. சூடேற்றித் தளர்த்தி மறுபடி உட்காரவையுங்கள். இங்கே விட்ட குறையை எந்த மோட்டாராலும் ஈடுகட்ட முடியாது. அமில ஃபிளக்ஸும் மோட்டாரும் பக்கத்தில் பக்கத்தில் வரவே கூடாது என்பதால், அளவு பார்க்கப் பழைய, செத்த மோட்டாரின் கூடு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கியர்களுக்கு நடுவே மெல்லிய காகிதம் ஒன்று சிக்காமல் போய்வரும் அளவு இடைவெளி போதும்.

பின்பகுதி முடிந்ததும் ரெயில்கள், பிறகு நாக்கு. கைடு குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். அது கொஞ்சம் முன்னோ பின்னோ சாய்ந்தாலும் கைடு திரும்பும்போது ஒரு பக்கம் ஸ்லாட்டிலிருந்து எழும்பும். நேர்த்தியைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு: கைடு மையத்திலிருந்து இடது பேரிங்கின் வெளிமுகம் வரை ஓர் அளவு, வலது வரை இன்னொரு அளவு. இரண்டும் சமமாக இருந்தால் வண்டி நேராகப் போகும். கால் மி.மீ. வித்தியாசம் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் என்றால் நாக்கை மறுபடி உட்காரவைக்க வேண்டியதுதான். கைடின் உயரத்தை வாஷர் வைத்துப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். முன் ஆக்ஸிலைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். அது வளைவில் சாயும்போது தாங்குவதற்கு இருக்கிறது, எடை சுமப்பதற்கு இல்லை.

பக்கத் தகடுகளின் கீல் சுவாரசியமான பகுதி. 2.4 மி.மீ. வெளிவிட்டமுள்ள மெல்லிய பித்தளைக் குழாய்க்குள் 1.6 மி.மீ. கம்பி இலகுவாகப் போகும். குழாய்த் துண்டுகளை மையப்பகுதியிலும், கம்பியைத் தகட்டிலும் பற்றவைத்தால் கீல் தயார். சால்டர் உள்ளே ஓடிக் கீலை அடைத்துவிடாமல் இருக்க, கம்பியின் அந்தப் பகுதியில் எண்ணெய் தடவுங்கள் அல்லது மார்க்கரால் கருப்பாக்கிவிடுங்கள். அழுக்கில் சால்டர் ஒட்டாது. தகட்டின் வெளிவிளிம்பு அரை முதல் 1 மி.மீ. வரை மேலே ஆடினால் போதும், அதற்கு மேல் போகாமல் ஒரு கம்பியை நிறுத்தியாக வையுங்கள். பாடியை இந்தத் தகடுகளில்தான் மாட்ட வேண்டும், மையப்பகுதியில் மாட்டினால் ஆட்டத்தின் பலன் முழுதும் போய்விடும். டயர் தடதடக்க ஆரம்பிக்கும்போது இந்தத் தளர்ந்த எடை வேறு தாளத்தில் ஆடி அந்த அதிர்வை விழுங்கும். தளர்வு வேகம் தரும் என்று கேள்விப்பட்டு எல்லா மூட்டிலும் கீல் வைப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட சேஸியில் ஏதாவது கோளாறு வந்தால் எந்தக் கீலில் என்று தேடுவதற்கே பந்தயக் காலம் முடிந்துவிடும். முதல் சேஸிக்கு இரண்டு தகடு, அவ்வளவுதான்.

முடிந்ததும் தடிமனான கண்ணாடித் துண்டின் மேல் சேஸியை வைத்து, மூலைகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பாருங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் கோணல். சாதாரணக் காகிதம் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன். எத்தனை காகிதம் அடியில் நுழைகிறது என்று பார்த்தால் கோணலின் அளவே தெரிந்துவிடும். இதைக் கையால் முறுக்கிச் சரிசெய்யும் பழக்கம் பரவலாக உண்டு. எனக்கு உடன்பாடில்லை; முறுக்கியது ஒன்று, உள்ளே தங்கியது ஒன்று என்று ஆகிவிடும். ஜிக்கில் திரும்ப வைத்து, சந்தேகப்படும் இணைப்பை உருகும்வரை சூடேற்றி, எதையும் தொடாமல் ஆறவிடுவதே என் வழி. பெரும்பாலும் ரெயில், நாக்கில் சேரும் இடம்தான் குற்றவாளி.

அடுத்து, அன்றைக்கே செய்ய வேண்டிய ஒரு வேலை: சமையல் சோடா கரைத்த நீரில் சேஸியை ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்து, நல்ல நீரில் அலசி, உலர்த்தி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். அமில ஃபிளக்ஸ் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் காலையில் பார்க்கும்போது பியானோ கம்பி துருப்பிடித்திருக்கும்.

டிராக்கில் முதல் ஓட்டத்துக்கு எடை எதுவும் சேர்க்காமல் போங்கள். ஓட்டிய பிறகுதான் எடையைப் பற்றிப் பேச்சு. மூக்கு இலேசாக இருந்தால் நாக்கின் மேல் 2 கிராம் ஈயத் தகடு. கைடு மேல் வைத்த எடை முழுவதும் கைடுக்கே போகும். கைடுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில் வைத்தால் பாதிப் பாதி. கவிழப் பார்த்தால், பக்கத் தகடுகளின் பின்பாதியில், எவ்வளவு வெளியே வைக்க முடியுமோ அவ்வளவு வெளியே, இரண்டு பக்கமும் சமமாக. வளைவுக்குள் நுழையும்போது முன்பக்கம் மந்தமாக, எதையும் உணர முடியாதபடி இருந்தால் ரெயில்களின் நடுவே ஒரு சொட்டு சால்டர் வைத்து முறுக்கு விறைப்பைக் கூட்டுங்கள். துள்ளினால் அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான், அதே டயரோடு, அதே லேனில். சொட்டு வைத்தும் எடுத்தும் துள்ளல் மாறவே இல்லையென்றால் அயர்னைக் கீழே வைத்துவிட்டு டயரைப் பாருங்கள்: வட்டமாக அரைக்காத டயர் எந்த சேஸியிலும் துள்ளத்தான் செய்யும்.